மீட்டர்காரரின் இடது கை

இடது கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டு, வலது கையால் ரப்பர் பந்தைப் பிசைகிறார் மீட்டர்காரர். காதில் ஸ்டெதஸ்கோப். அறையில் யாரும் வாய் திறக்கக் கூடாது, மின்விசிறியைக்கூட நிறுத்திவிடுவார். முள் ஏறுகிறது, தயங்குகிறது, இறங்குகிறது. "நூத்தி எழுபதாம்ல," என்று கருவியைப் பார்த்து நமட்டுச் சிரிப்பு சிரிக்கிறார். பிறகு திருப்புளியை எடுக்கிறார்.

கிளினிக்குகளின் ரத்த அழுத்தக் கருவிகளைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். மாடிப்படிக்கு அடியில் பட்டறை. அந்த மாடியில் குடியிருப்பவன் நான். குழாய் கிழிசல், பந்தில் காற்றுக் கசிவு, பட்டை ஒட்டாமல் போனது என்று எது வந்தாலும் ஒரே நாளில் முடித்து, பழைய பனியன் துணியால் துடைத்து அனுப்பிவிடுவார். திருகாணிகளை உதட்டில் கவ்வியபடியே பேசுவார். கேட்கிற நமக்குத்தான், அவர் எதையாவது விழுங்கிவைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கும்.

அந்த உதடு எப்போதும் சிவந்திருக்கும். காரணம் பீட்ரூட் சாறு. காலையில் ஒரு தம்ளர், மாலையில் ஒரு தம்ளர். "அதுல நைட்ரேட்னு ஒண்ணு இருக்கு தம்பி. உள்ள போனா ரத்தக்குழாய் தானா தளர்ந்து குடுக்கும். இறுகிப்போன ட்யூபை நான் வெந்நீர்ல போட்டு இளக்கறேன்ல, அதே வேலைதான்."

அது வெறும் கதையும் இல்லை. அவருடைய டாக்டரே, "பிரஷரைக் கொஞ்சம் குறைக்கும், குடிங்க. மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க," என்று சொல்லியிருந்தார். இவர் காதில் ஏறியது முதல் பாதி மட்டும். மாத்திரையை விட்டு ஒன்பது மாதம் ஆகிறது. "இந்த மனுஷன் உடம்புல ஓடுறது ரத்தமா பீட்ரூட்டான்னே தெரியல," என்று நான் அண்ணி எனக் கூப்பிடும் அவர் மனைவி அலுத்துக்கொள்வார்.

நேற்று முன்தினம் காலை மூன்று கருவிகள் வந்திருந்தன. மூன்றும் வெவ்வேறு கிளினிக், வெவ்வேறு கம்பெனி. குழாயும் பந்தும் மாற்றிய பிறகு, வழக்கம்போலத் தன் கையில் கட்டிப் பார்த்தார். நூற்று அறுபத்தெட்டு. நூற்று எழுபத்திரண்டு. நூற்று எழுபது.

"எல்லாத்துக்கும் ஒரே சீக்கு. இப்பல்லாம் சரக்கே சரியில்ல," என்றார்.

"தப்பா காட்டுதுன்னு எதை வெச்சு சொல்றீங்கண்ணே?"

"என் கையை வெச்சுத்தான். ஒத்துப்பாக்க ஒரு பாதரச மிஷின் வெச்சிருந்தேன். போன வருஷம் விழுந்து உடைஞ்சுபோச்சு. கடைசியா அதுல பார்த்தப்போ என் கை நூத்தி இருபது, ஆணி அடிச்ச மாதிரி. கையே இருக்கு, இன்னொரு மிஷின் எதுக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது மாத்திரை சாப்பிட்ட காலத்துக் கை. இந்த ஒன்பது மாதமாக இங்கே வந்த ஒவ்வொரு கருவியையும் திறந்து, தன் கைக்கு நூற்றிருபது காட்டும்வரை நெம்பி அனுப்பியிருக்கிறார். சரியாக இருந்த முட்களை எல்லாம் பொய் சொல்லப் பழக்கியிருக்கிறார்.

"மூணு கம்பெனி மிஷின் எப்படிண்ணே ஒரே தப்பைச் செய்யும்?" என்றேன்.

அவர் என் கையை இழுத்துப் பட்டையைச் சுற்றினார். நூற்றுப் பதினெட்டு. அடுத்த கருவியிலும் பதினெட்டு. மூன்றாவதில் நூற்றிருபது. கருவிகள் ஐம்பது கூட்டிக் காட்டுகின்றன என்றால் எனக்கு இருப்பது எழுபதுதான். நான் மயங்கி விழுந்திருக்க வேண்டும். கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவர் என்னையே பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

சாற்றுத் தம்ளருடன் வந்த அண்ணிக்கு நான்தான் விஷயத்தைச் சொன்னேன். வசவு விழும் என்று நினைத்தேன். விழவில்லை. "முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க," என்றார்.

"போலாம். எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவங்களுக்கு இன்னும் தெரியாதே," என்று போனை எடுத்தார் மீட்டர்காரர்.

முதலில் தெருமுனைக் கிளினிக்கின் நர்ஸ். "நான் சரிபண்ணிக் குடுத்த மிஷினை எடுத்து வெச்சிடுங்கம்மா. அது குறைச்சுக் காட்டும். தப்பு என்னோடது." பிறகு கேட்டார்: "அதுல பார்த்துட்டு, பிரஷர் இறங்கிடுச்சுன்னு யாருக்காவது மாத்திரையை நிறுத்தினீங்களா?"

மறுமுனையில் நோட்டுப் புரளும் சத்தம் எனக்கே கேட்டது. பிறகு அந்த அம்மா ஒவ்வொரு பெயராகச் சொல்லத் தொடங்கினார். பெயருக்கு ஒன்றாக மீட்டர்காரர் இடது கை விரல்களை மடக்கினார். ஐந்தும் மடங்கிய பிறகு, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வலது கையை விரித்தார்.