கூடைக்குள் ஒரு காலடி

பினாங்கில் கடைகளின் முகப்பில், வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்கக் கூரையிட்ட பாதை ஒன்று ஓடுகிறது. ஐந்தடி அகலம், ஆகவே நம்மவர் வாயில் அது அஞ்சடி. நாள்தோறும் காலையில் ஒரு மாத்தா-மாத்தா, அதாவது இந்த ஊர்ப் போலீஸ்காரர், அளவுகோலும் கையுமாக அதில் வருகிறார். பழத்தட்டு எத்தனை விரற்கடை பாதையில் நீட்டியிருக்கிறது, செருப்புத் தைப்பவரின் முழங்கால் கோட்டைத் தாண்டுகிறதா என்று குனிந்து குனிந்து அளக்கிறார். வந்த புதிதில், எங்கோ கல்யாணப் பந்தலுக்கு அளவெடுக்கிறார் என்றே நினைத்தேன். களவு மலிந்த தெரு எங்களுடையது. பூட்டிய கடையில் அரிசி மூட்டை போகிறது, கொடியில் காயும் வேட்டி போகிறது. சீனரும் தமிழரும் சேர்ந்து மனுக் கொடுத்தோம். மனு வீண்போகவில்லை, இன்னொரு மாத்தா-மாத்தா வந்தார். அவர் கையிலும் ஓர் அளவுகோல்.

நான் இங்கே ஓர் அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கிறவன். ஊர் கோம்பை. மாடியில் என் அறை. கீழே அஞ்சடியில் தையல் மிஷின் போட்டிருந்தவர் உத்தமபாளையத்து ஹனீபா ராவுத்தர். எனக்கு அவர் மாமா, அவருக்கு நான் மாப்ள; கடல் தாண்டி வந்தபின் ஏற்பட்ட முறை. ஊரில் அவர் மகளுக்குச் சம்பந்தம் பேசியிருந்தார்கள். பிள்ளை வீட்டார் வீடு கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. பினாங்கில் சொந்த மிஷின் வைத்திருக்கிறாரா என்று மட்டும் கேட்டார்களாம். அந்த மிஷினின் காலைத்தான் அளவுகோல் தினமும் தொட்டுப் பார்க்கும்.

"நித்தம் என்னைய அளக்குறாக. ஒருநா நான் அவுகள அளந்து ஒரு சட்டை தச்சுப்புடணும் மாப்ள. அந்தத் தொந்திக்கு அஞ்சடி பத்தாது" என்பார் ராவுத்தர்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் இறங்கி வந்தேன். இரவில் மிஷினை உள்ளே வைத்துப் பூட்டுகிற கடைக்கதவின் பூட்டு உடைந்து கிடந்தது. மிஷினுக்கு எண்ணெய் விட வந்த ராவுத்தர், குப்பியைக் கையில் பிடித்தபடி வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எம் மக வாழ்க்கை போச்சே மாப்ள" என்றார். மிஷின் என்று சொல்லவில்லை. வெளியே தெருவோரச் சேற்றில் ஒரு காலடி அழுந்திக் கிடந்தது. வலது கால், சுண்டுவிரல் இல்லை. அதைக் கண்டதும் என் கை தானாகவே ஒரு கூடையைத் தேடியது.

கோம்பையில் மாடு களவு போனால் முதல் வேலை அதுதான். தடம் அழியுமுன், கோழி அடைக்கிற பஞ்சாரத்தை அதன்மேல் கவிழ்த்துவிட்டு, ஊர்க் காவல்காரன் மொக்கையனுக்கு ஆள் அனுப்புவார்கள். அவன் தடம் பிடித்து அடுத்த ஊர் எல்லைவரை போவான். அங்கே நின்று கூப்பிடுவான்: "ஏலே, களவு ஒங்க எல்லைக்குள்ள வந்திருச்சு. வெளிய போன தடத்தக் காட்டு. இல்ல, மாட்டக் குடு!" ஆக, ஒரு தடத்துக்குப் பதில் சொல்ல எப்போதும் ஓர் ஊர் இருந்தது. அதைத் தர்ம ராஜ்யம் என்று சொல்ல வரவில்லை. வலுத்த ஊரின் எல்லையில் மங்கிப்போகிற தடம், நாலு ஏழைக் குடிசைகளின் பக்கம் பளிச்சென்று தெரியும். பிறகு காவலைச் சர்க்கார் ஏற்றது. ஏற்றதும் செய்த காரியம், மொக்கையனைப் பிறவித் திருடர் கூட்டத்தில் சேர்த்து, ரேகை எடுக்கப் பத்து விரலிலும் மை தடவியது. அவன் போலீஸ் டாணாவில் ஆஜர் கொடுக்கக் காத்துக் கிடந்த நாட்களில், மாடுகள் நிம்மதியாகக் குமுளி மலையேறி மலையாளத்துக்குப் போயின. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை பேசியதில்லை.

காய்கறி விற்கும் சீனரிடம் கூடை வாங்கிக் காலடிமேல் கவிழ்த்துவிட்டுக் காவல் நின்றேன். ரிக்ஷாக்கள் வைதுகொண்டே விலகிப் போயின. ராவுத்தருக்கு முகம் சற்றுத் தெளிந்தது. "விட்றாதீக மாப்ள. சுண்டுவெரல் இல்லாத பய எத்தன பேரு இருப்பான் இந்த ஊர்ல?"

மாத்தா-மாத்தா வந்தார். அளவுகோலால் கூடையைத் தட்டினார். "ஆயாம்?" என்றார். கோழியா என்று கேட்கிறார்.

"காக்கி" என்றேன். இவர்கள் பேச்சில் கால். "காக்கி பென்சூரி." திருடன் கால்.

அவர் ஓர் அடி பின்வாங்கினார். வெட்டின காலையே மூடி வைத்திருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு கோலால் கூடையை நெம்பி ஒதுக்கிப் பார்த்தார். சேறு. என்னைப் பார்த்தார். "கீலா" என்றார்; பைத்தியமாம். ராவுத்தர் உடைந்த பூட்டைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே காட்டினார். அவர் அதைக் கவனிக்கவில்லை. கூடை தெருவுக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தார். அளந்து முடித்தபோது அவருடைய பூட்ஸ் அந்தக் காலடியின்மேல் நின்றது.

வழியை அடைத்த குற்றத்துக்கு டாணாவுக்குப் போனவன் நான். அங்கிருந்த அதிகாரி, அச்சாபீஸ் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். என்ன நோட்டீஸ் அச்சாகிறது, யார் யார் வந்து போகிறார்கள் என்று துபாஷியை வைத்து மத்தியானம்வரை கேட்டார். களவு போன தையல் மிஷினைப் பற்றி நான் ஆரம்பித்ததும் பேனாவை மூடிவிட்டார்.

ரப்பர் விலை விழுந்து, வேலையற்றவர்களைக் கூட்டங்கூட்டமாக ஊருக்குக் கப்பலேற்றுகிற காலம் இது. ராவுத்தர் அதற்குத் தப்பி, வேறொருவர் கடையின் உட்புறத்தில் கையூசியால் காஜா எடுக்கிறார். போன வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து வந்து, வீட்டுக்குக் கடிதம் எழுதச் சொன்னார்.

"மிஷினு நல்லா ஓடுதுன்னு எழுதுங்க."

நான் எழுதவில்லை.

"என்ன, பேனா நடுவழியில நிக்கிது? வழிய அடச்சா கேசு போட்ருவாக மாப்ள" என்றார். சிரிக்கவில்லை. "எழுதுங்க. நிக்காஹ் முடியட்டும்."

எழுதினேன்.

"இங்கன போலீசு ரெம்ப நல்லவுக, காவலுக்குக் கொறவில்லன்னும் போட்டுக்கிடுங்க. இல்லாட்டி எம் மக பயந்து கெடப்பா."

அதையும் எழுதினேன்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களே, ராவுத்தரின் பெயரை மாற்றியிருக்கிறேன்; யாரென்று தேடாதீர்கள். முல்லையாற்றங்கரையில் ஒரு வீட்டில், அந்தக் கடிதத்தைப் படிக்கக் கேட்டவர்களின் காதில், மிஷின் இந்நேரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். இங்கே இருட்டுக் கடையொன்றில், ஊசியைக் கையில் பிடித்த ஒரு மனிதர், இல்லாத மிதிபலகையை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டிருக்கிறார்.