சும்மா நீட்டிய கைகள்

குட்டிக்கு முப்பத்திரண்டு வயது. கடைசியாகப் பிறந்தவளுக்கு எத்தனை வயதானாலும் அந்த வீட்டில் பெயர் குட்டிதான். பதினோரு வருடம் பொம்மைத் தொழிற்சாலையில் கண் எழுதும் வேலை பார்த்தவள். ரப்பர் முகங்கள் தட்டுத் தட்டாக வரும். இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் பொம்மை முறைப்பது போலத் தெரியும். அவள் எழுதிய பொம்மை ஒன்றுகூட யாரையும் முறைத்ததில்லை. அப்படிப்பட்ட கையை வீட்டுக்கு அனுப்ப, கண் படத்தை ஒட்டித் தள்ளுகிற ஒரு இயந்திரம் போதுமாக இருந்தது.

கொஞ்ச நாள் சும்மா இருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் அவளுடைய அண்ணன்தான் நகக்கலைப் பயிற்சிக்கு விசாரித்துவிட்டு வந்தான். மருந்துக்கடைக்கு மேல் மாடியில் வகுப்பு. கீழே, பக்கத்துக் கதவில், அதே ஆட்கள் நடத்தும் அழகு நிலையம். அங்கே நகம் பார்க்கிற நாற்காலி ஒன்று காலியாகப் போகிறது, இந்த வகுப்பில் யார் பரீட்சையில் முதலாக வருகிறார்களோ அவர்களுக்கு அது என்று பயிற்சி நடத்தும் மேடம் முதல் நாளே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து குட்டி மாடி ஏறும்போதெல்லாம் கண்ணாடி வழியாக அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினாள்.

கற்றுக்கொள்ளக் கை வேண்டும். பிளாஸ்டிக் விரலில் எவ்வளவு பழகினாலும் அது கூசாது, இழுக்காது, போன் வந்தால் எழுந்து போகாது. ஆளாளுக்கு மாடல் தேடிப் பிடிக்க வேண்டும். "உங்க மாடல், உங்க பொறுப்பு. காசு வாங்குறீங்களோ, கடலை மிட்டாய் வாங்குறீங்களோ, என்கிட்ட கேக்காதீங்க" என்று மேடம் கை கழுவிவிட்டாள். ஜெல் சாயம், பஞ்சு, நகம் தேய்க்கும் அரம், சாயத்தைக் கரைக்கும் அசிட்டோன் எல்லாம் பயிற்சி எடுப்பவர் செலவு.

வகுப்பில் குட்டியின் பக்கத்து மேசைக்காரிக்குக் கல்கண்டு என்று பெயர். பேச்சு அப்படி. அவள் இரண்டாவது வாரமே கீழே அழகு நிலையத்தில் வாங்குவதில் பாதி விலை என்று சொல்லிக் காசு வாங்க ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னும் ஒழுங்கா அரம் பிடிக்கவே வரல. அதுக்குள்ள காசா?" என்றாள் குட்டி.

"சும்மா வர்றவ தூறல் போட்டா வரமாட்டா. காசு குடுத்தவ புயல் அடிச்சாலும் வருவா. எழுதி வெச்சுக்கோ."

"நாம பண்றது பாதி தப்பு. தப்புக்கு எப்படிக் காசு கேக்குறது?"

"அதனாலதான பாதி விலை!"

வகுப்பே சிரித்தது. குட்டியும் சிரித்தாள். ஆனால் காசு கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. கேட்டிருந்தாலும் அம்மா விட்டிருக்க மாட்டாள். "சொந்தக்காரங்க கையப் பிடிச்சிட்டுக் காசு கேட்டா, நாளைக்கு நம்ம வீட்டு நல்லது கெட்டதுக்கு எவ வருவா?" என்பது அம்மாவின் கட்சி.

சொந்தம் வந்தது. சும்மா என்று கேள்விப்பட்டதும் திரண்டு வந்தது. ஒருத்தி கையை நீட்டிக்கொண்டே தூங்கினாள். ஒருத்தி ஈர நகத்தோடு பையைத் துழாவிவிட்டு, "இந்தா, கலைஞ்சிடுச்சு, நீ சரியாப் போடல" என்றாள். ஒருத்தி கை முடிந்ததும் காலையும் தூக்கி மேசைமேல் வைத்தாள். குட்டி எல்லாருக்கும் துண்டு விரித்தாள். அரம், குச்சி, தூரிகை என்று எடுக்கிற வரிசையில் அடுக்கினாள். ஒவ்வொரு கைக்குப் பிறகும் அனைத்தையும் கழுவித் துடைத்தாள். பெட்டிக்கடைக்காரர் சில்லறை எண்ணுகிற கவனத்தோடு நகத்தின் ஓரத் தோலை ஒதுக்கினாள். சொந்தம் வராத நாளில் அண்ணன் கை. கடையில் வாடிக்கையாளர் ஒருவர் அவனுடைய பளபளக்கும் கட்டைவிரலைப் பார்த்து, "என்ன தம்பி, கல்யாணமா?" என்று கேட்டாராம். "தங்கச்சிக்குப் பரீட்சை சார்" என்று விரலை நன்றாகவே நீட்டிக் காட்டினானாம்.

பரீட்சைக்கு அண்ணன் கை உதவாது. திருகாணி முடுக்கி முடுக்கித் தேய்ந்த நகம். குட்டி தேர்ந்தெடுத்தது பெரியம்மா மகனின் மனைவியை. அண்ணிக்கு நீள நகம், மேடு பள்ளம் இல்லாத நகம். இரண்டு மாதம் வாரம் தவறாமல் அவள் கைக்கு எண்ணெய் தடவி, உடைந்த ஓரத்தைச் சீவி, அந்தப் பத்து நகத்தையும் பிள்ளை வளர்ப்பது போல வளர்த்தாள். ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்தாள்.

"அண்ணி, பரீட்சை அன்னிக்கு வெறும் நகமா வரணும். ஒரு சொட்டு சாயம்கூட இருக்கக் கூடாது."

"ஏய், நான் என்ன பச்சப் புள்ளையா? ஒரு தடவ சொன்னாப் போதாதா?" என்றாள் அண்ணி.

பரீட்சைக்கு வெளியிலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தாள். கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவள், அதிகம் பேசாதவள். எல்லா மேசையிலும் மாடல்கள் உட்கார்ந்தாயிற்று. அண்ணி கடைசியாக மூச்சு வாங்க வந்து கையை நீட்டினாள்.

பத்து விரலிலும் கருஞ்சிவப்பு. நுனி நீட்டி, மேலே கனமாக ஜெல் பூசி, மோதிர விரல் இரண்டிலும் மூக்குத்திக் கல் அளவுக்குக் கற்கள்.

"என்ன அண்ணி இது?" குட்டி ஒரு கல்லை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லா இருக்கில்ல? நேத்துதான் போட்டேன். நாளைக்கு அவரு ஆபீஸ்ல விருந்து. உனக்கும் வேலை மிச்சம். சும்மா நாலு இழுப்பு இழுத்துக் காட்டிடு, யாரு கேக்கப் போறா?"

"எங்க போட்டீங்க?"

"இதோ, உன் பக்கத்துலயே இருக்காளே, இந்தப் பொண்ணுகிட்டதான். ஒரு நாளாவது காசு குடுத்து நல்லதாப் போட்டுக்குவோமேன்னு."

குட்டி பக்கத்து மேசையைப் பார்த்தாள். கல்கண்டு தன் மாடலின் விரலிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "நான் கேட்டேன்பா. நாளைக்குப் பரீட்சைக்குப் போகணுமேன்னு கேட்டேன். அது சும்மா போறதுதான, எப்படியும் சமாளிச்சுப்பான்னு சொன்னாங்க. காசு குடுக்கிறவங்கள நான் எப்படிப் போன்னு சொல்றது?"

பரீட்சை அம்மாள் வந்து கையைத் திருப்பிப் பார்த்தாள். "இதை எடுத்துட்டு, முதல்லேர்ந்து போடணும். நேரம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று நகர்ந்துவிட்டாள்.

கனமான ஜெல்லை எடுக்க இரண்டு வழி உண்டு. மேலே அரத்தால் தேய்த்து மெலிதாக்கி, அசிட்டோன் நனைத்த பஞ்சை வைத்துத் அலுமினியத் தாளால் சுற்றி, ஊறவைத்து, குச்சியால் மெல்லத் தள்ளி எடுப்பது ஒன்று. குச்சியை ஓரத்தில் செருகி நெம்பிப் பெயர்ப்பது இன்னொன்று. நெம்பினால் நொடியில் வரும். நகத்தின் மேல் அடுக்கையும் கூடவே உரித்துக்கொண்டு வரும்.

"நெம்பி எடுத்துடு. அஞ்சு நிமிஷ வேலை" என்று கல்கண்டு கிசுகிசுத்தாள். அதில் கெட்ட எண்ணம் இல்லை. அவள் அப்படித்தான் எடுப்பாள்.

குட்டி குச்சியைக் கையில் எடுத்தாள். இரண்டு மாதம் எண்ணெய் தடவிய நகம் கீழே இருக்கிறது. குச்சியை வைத்துவிட்டு அரத்தை எடுத்தாள்.

"என்னடி தேய்க்கிற தேய்க்கிற, அடிப்பிடிச்ச பாத்திரமா?" என்றாள் அண்ணி. கொஞ்ச நேரம் கழித்து, "காசு குடுத்துப் போட்டதுடி, பாத்து!" என்றாள். கற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று துண்டில் விழுந்தன. அண்ணி அவற்றைப் பொறுக்கித் தன் பர்ஸில் போட்டுக்கொண்டாள்.

மற்ற மேசைகளில் ஜெல்லைக் காயவைக்கும் ஊதா விளக்கு எரிய ஆரம்பித்தபோது குட்டி இன்னும் பஞ்சு சுற்றிக்கொண்டிருந்தாள். பத்து நகமும் வெறுமையாக, ஒரு கீறல்கூட இல்லாமல் வெளியே வந்தபோது நேரத்தில் பெரும்பகுதி போய்விட்டது. வலது கையை ஆரம்பித்தாள். அவசரப்படத் தெரியாத கை அது. மணி அடித்தபோது வலது கை முடிந்திருந்தது. இடது கை பிறந்த மேனியாக இருந்தது.

பரீட்சை அம்மாள் அந்த ஐந்து நகத்தையும் விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தாள். மற்ற மேசைகளில் நின்றதைவிட நெடுநேரம் அங்கே நின்றாள்.

"அஞ்சும் சுத்தமா இருக்கும்மா" என்றாள். "ஆனா கேட்டது பத்து."

தேறவில்லை. கல்கண்டு முதலாக வந்தாள். நியாயமாகப் பார்த்தால் அவள் மாடல் வந்தாள், வெறும் நகத்தோடு வந்தாள், நேரத்துக்கு முன்னால் வந்தாள். முன்பணம் கொடுத்திருந்தாள் அல்லவா, வராமல் எப்படி? கீழே நாற்காலியின் பிளாஸ்டிக் உறையை அன்றைக்கே பிரித்துவிட்டார்கள். குட்டி இறங்கி வரும்போது அந்த உறை வாசல் குப்பைத் தொட்டியில் கிடந்தது.

அன்று மாலையே அண்ணி வீட்டுக்கு வந்தாள். குட்டிக்கு ஆறுதல் சொல்ல வருகிறாள் என்று நினைத்து அம்மா காபி போட்டாள். அண்ணி கூடத்து மேசையில் இடது கையை நீட்டினாள்.

"நாளைக்கு விருந்துடி. ஒரு கையை மட்டும் ஆட்டிட்டு நிக்க முடியுமா? சட்டுபுட்டுன்னு முடி. அப்புறம், அந்தப் பொண்ணுகிட்ட நான் குடுத்த காசை நீதான அழிச்ச. இப்பவே வேணாம், மெதுவாக் குடு."

அம்மா உள்ளேயிருந்து, "போட்டு விடுடி, பாவம், நாலு பேர் முன்னால போறா" என்றாள்.

குட்டி அந்தக் கையைப் பார்த்தாள். ஒவ்வொரு விரலும் அவளுக்கு மனப்பாடம். சுண்டுவிரல் கொஞ்சம் உள்வாங்கியது. அதற்கு வளைந்த அரம் வேண்டும்.

"கல்கண்டு உங்ககிட்ட எவ்வளவு வாங்கினா?"

அண்ணி சொன்னாள்.

"அதுல பாதி வைங்க. ஒரு கைதானே."

அண்ணி சிரித்தாள். குட்டி சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினாள். "என்கிட்டயா? அதுவும் பெயிலான நீயா?"

"பெயிலான கையை நம்பி எதுக்கு அண்ணி நீட்டுறீங்க? முதல்ல காசை வைங்க. அப்புறம் கையை வைங்க."

"அத்தே, கேட்டீங்களா உங்க பொண்ணு பேசுறத!"

அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "குட்டி, விளையாடாத."

"விளையாடலம்மா. ரெண்டு மாசம் விளையாடிட்டேன்."

அண்ணி காபியைத் தொடவில்லை. அவளுடைய செருப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. அம்மா அந்தக் காபியைக் கழுவு தொட்டியில் கொட்டிவிட்டு, அதற்குப் பிறகு மகளிடம் பேசவில்லை.

மறுநாள் அண்ணன்தான் விவரம் கொண்டுவந்தான். அண்ணி நேராகக் கல்கண்டிடம் போயிருக்கிறாள். இரண்டு கையும் ஒரே மாதிரி வேண்டும் என்று முழு விலை கொடுத்திருக்கிறாள். வலது கையில் இருந்ததைக் கல்கண்டு நெம்பியே எடுத்தாளாம். ஒரு நகத்தில் ரத்தம் வந்ததாம். அண்ணி வாயைத் திறக்கவில்லையாம். காசு கொடுத்த இடம்.

"இன்னொரு பரீட்சை வராமலா போயிடும்?" என்றான் அண்ணன். குட்டி அரத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, அதன் இடுக்கில் இருந்த கருஞ்சிவப்புத் தூளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "ஒரு அஞ்சு நகத்துக்காகச் சொந்தத்தை அறுத்துட்டியே, பாவி."

"அஞ்சும் நல்லா வந்திருந்ததும்மா" என்றாள் குட்டி. "நெம்பி எடுத்துட்டாங்க."