பிரசங்கத்தில் நின்ற கம்ப்யூட்டர்

என் அக்கா மௌரீன் எந்தப் பொருளையும் கையில் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டாள். பூசணிக்காயானாலும் சரி, பிரஷர் குக்கரானாலும் சரி. அதனால் 2001-இல் எஸ்.பி. ரோட்டுக் கடையில் அவள் கம்ப்யூட்டருக்கான பவர் சப்ளைப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எடை பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்ததே தவிர, ஆச்சரியமாக இல்லை.

"கனமா இருந்தாத்தான் உள்ள ஒழுங்கா சாமான் வச்சிருக்கான்னு அர்த்தம்" என்றாள். கடைக்காரர் முனிராஜ் சிரித்தார். ஆனால் மறுக்கவில்லை.

டெலிபோன் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் சோதனைப் பிரிவில் இருந்தவள் அக்கா. ஆட்குறைப்பில் விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். மூன்று மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய் வந்து, இனிமேல் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்தாள். எங்கள் அண்ணன் ஓஸ்வால்டுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. தன் நண்பரின் ஆபீஸில் ரிசப்ஷனிஸ்ட் வேலை பேசி வைத்திருந்தார். நாற்பத்தைந்து வயதில் காலை முதல் மாலை வரை யாரோ ஒருவருக்கு "குட் மார்னிங்" சொல்லிக்கொண்டிருக்கும் வேலை.

ஒவ்வொரு பாகத்தையும் அக்காவேதான் தேர்ந்தெடுத்தாள். வேகமான பிராசஸர் என்று எல்லோரும் அடித்துக்கொண்டபோது, அதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு இரண்டு ஹார்ட் டிஸ்க் கேட்டாள். ஒன்றில் விண்டோஸ் ஓடட்டும், மற்றொன்று வீடியோவுக்கு மட்டும் என்பது அவள் கணக்கு.

"ஒரு வீட்டுக்கு ரெண்டு அடுப்பா?" என்றார் அண்ணன். அக்கா பதில் சொல்லவில்லை. எதற்கும் உடனே பதில் சொல்ல மாட்டாள், அதுதான் எனக்கு அவளிடம் எரிச்சல்.

முதல் ஆர்டர் எங்கள் மாதா கோவிலில் நடந்த ஒரு கல்யாணம். கேமராவிலிருந்து டேப்பைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்ற வேண்டும். ஊர்வலம் ஏறியது, பாட்டு ஏறியது, பைபிள் வாசகங்கள் ஏறின. ஃபாதர் பிரசங்கம் தொடங்கியதும் கம்ப்யூட்டர் நின்றது. மறுபடி ஏற்றினாள். மறுபடி பிரசங்கத்தில் நின்றது. கேமராக்காரரிடம் வேறு இரண்டு கல்யாண டேப்புகள் வாங்கி வந்து போட்டாள். அவையும் அதே கோவில், அதே ஃபாதர், அதே பிரசங்கம். அங்கேயே நின்றன.

"மனுஷங்கதான் தூங்குவாங்கன்னு நெனச்சேன், மெஷினுக்கே தூக்கம் வருதே!" என்று அண்ணன் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் நாலு பேரிடமும் சொல்லிவிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

ஆனால் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. பாகம் எதுவும் கெட்டிருந்தால் பதினைந்து நாளுக்குள் கொண்டு வரச் சொல்லியிருந்தார் முனிராஜ். அந்தக் கெடு சனிக்கிழமையோடு முடிகிறது. அண்ணனோ எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டுத் திங்கட்கிழமை ஆபீஸில் போய்ச் சேரச் சொன்னார். கேமராக்காரர் வீடியோ ஏற்றும் கார்டைக் குறை சொன்னார். அண்ணன் ரேமைக் குறை சொன்னார். அக்கா இரண்டையும் கழற்றி மாட்டிப் பார்த்தாள். சோறு சரியாக இறங்கவில்லை அவளுக்கு. எனக்கு அவள்மேல் இருந்த எரிச்சலெல்லாம் போய் பயம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டு எல்லம்மா தன் பேத்தியின் காதுகுத்து டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டுமாம். கெட்ட நேரத்தில் வந்திருக்கிறாரே என்று எனக்குக் கோபம். அக்கா வாங்கிப் போட்டாள். குழந்தைக்கு மொட்டை அடித்தார்கள், மாமன் மடியில் உட்கார வைத்தார்கள், ஆசாரி ஊசியை எடுத்தார். நின்றுவிட்டது.

"அய்யோ, கொழந்தை அழறதுக்கு முன்னாடியே நின்னுடுச்சே!" என்றார் எல்லம்மா.

அக்கா திரையின் மூலையில் நேரம் காட்டும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் நோட்டை எடுத்தாள். தொழிற்சாலைப் பழக்கம், ஒவ்வொரு முறை நின்றபோதும் நேரத்தைக் குறித்திருந்தாள். எல்லாம் பத்தொன்பதாவது நிமிடம். வினாடி கூட ஏறக்குறைய ஒன்றேதான்.

"இதுல ஃபாதரே இல்லையே" என்றாள் மெதுவாக. "கெட்டுப்போன சாமான் இப்படி மணி பார்த்து நிக்காது, யூனிஸ். கண்டபடி நிக்கும். இது ஏதோ அளவு."

சனிக்கிழமை காலை கம்ப்யூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு, நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு எஸ்.பி. ரோட்டுக்குப் போனோம். முனிராஜ் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"மேடம், டிஸ்க் பெருசுதான். ஆனா இந்த விண்டோஸ்ல ஒரு ஃபைல் நாலு ஜிபிக்கு மேல வளராது. உங்க வீடியோ பத்தொன்பது நிமிஷத்துல அதைத் தொட்டுடும். நான்தான் சொல்லியிருக்கணும். பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா நிறுத்தி, புது ஃபைலா எடுங்க. அஷ்டே, அவ்ளோதான்!"

"அப்ப சாமான்லாம்?"

"ஒண்ணுலயும் கொறை இல்ல மேடம். நல்லாத்தான் பாத்து எடுத்திருக்கீங்க."

வீட்டுக்கு வந்து அப்படியே செய்தாள். பதினைந்தில் நிறுத்தி, மறுபடி தொடங்கினாள். பிரசங்கம் ஏறியது. முழுதாக ஏறியது. அந்தப் பிரசங்கத்தை நான் அவ்வளவு ஆனந்தமாகக் கேட்டதே இல்லை. பின்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் எழுந்து நின்று வாக்குறுதி சொன்னார்கள், மோதிரம் மாற்றினார்கள்.

"நான் தப்பா வாங்கலடி" என்றாள் அக்கா. பிறகு அழுதாள். தொழிற்சாலையில் கடைசி நாள் மாலை போட்டு அனுப்பியபோதுகூட அவள் அழவில்லை. நானும் அழுதேன், என்னிடம் எதற்கும் தாமதம் கிடையாது.

சாயங்காலம் அண்ணன் வந்தார். கம்ப்யூட்டர் மேஜைமேலேயே இருப்பதைப் பார்த்துவிட்டு, "திங்கக்கிழமைக்கு ஆபீஸ்ல என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார்.

அக்கா இந்த முறை உடனே பதில் சொன்னாள்.

"வரலைன்னு சொல்லுண்ணா. எனக்கு வேலை இருக்கு."