செல்வி அக்கா பெயரில் அறுந்த இழைகள்

இன்று ராஜபாளையத்தில், ஒரு ஸ்பின்னிங் மில்லில்...

எங்கள் கம்பெனி சாஃப்ட்வேரைப் பார்க்கத்தான் போனேன். அங்கே நடந்துகொண்டிருந்தது விசாரணை!

சுந்தரபாண்டியத்திலிருந்து வேலைக்கு வரும் செல்வி அக்காவின் மெஷினில் இழை அளவுக்கு மீறி அறுந்ததாக எங்கள் ஸ்கிரீன் காட்டியிருக்கிறது. கவனிக்காமல் விட்டார் என்று வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்கள்.

"செத்த நேரங்கூட நான் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகல சார்."

"அப்போ கம்ப்யூட்டர் பொய் சொல்லுதாக்கும்?" என்றார் மேனேஜர்.

(சார், அதை எழுதியது நாங்கள். தாராளமாகச் சொல்லும்.)

லேப்டாப்பைத் திறந்தேன்.

ஒரு மெஷினில் நூல் சுற்றும் ஸ்பிண்டில் எத்தனையோ, அத்தனை கட்டங்கள் கொண்ட ஒரு அர்ரே. கட்டத்துக்குக் கட்டம், அந்த ஸ்பிண்டிலில் இழை அறுந்த எண்ணிக்கை. மெஷினுக்கு மெஷின் ஸ்பிண்டில் மாறும் என்பதால், அர்ரேயின் நீளம் புரோகிராம் ஓடும்போதுதான் முடிவாகும்.

புரோகிராமில் பிழை தேட உதவும் டீபக்கரில் அந்த அர்ரேயைக் காட்டச் சொன்னேன்.

நீளம் தெரியாது என்றது!

நாங்கள் எழுதியதைக் கம்ப்யூட்டர் பாஷைக்கு மாற்றும் கம்பைலர், வேகத்துக்காக அந்த விவரத்தையே கழித்துக் கட்டியிருந்தது. (ஒருத்தர் பிழைப்பு போனாலும் ரிப்போர்ட் சீக்கிரம் வர வேண்டுமல்லவா!)

"இன்னும் எம்புட்டு நேரம்மா ஆகும்?"

"கொஞ்சம் இருங்க சார்."

வேகத்தைக் குறைத்து, டீபக்கருக்கு வேண்டிய விவரங்களோடு மறுபடி கம்பைல் செய்தேன். இப்போது டீபக்கர் வாயைத் திறந்தது. அர்ரே உருவான நொடியில் என்ன நீளமோ, அதை கம்பைலர் தனியாகக் குறித்து வைத்திருந்தது.

எங்கள் புரோகிராமோ, அதற்குப் பிறகு பக்கத்து மெஷினின் பெரிய ஸ்பிண்டில் எண்ணிக்கையை வாங்கிக்கொண்டு, அதுவரைக்கும் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது!

அர்ரே முடிந்த பிறகு மெமரியில் கிடந்த குப்பை அத்தனையும் செல்வி அக்காவின் கணக்கில்.

"சார், இழை அம்புட்டு அறுந்து போகவே இல்ல. எங்க புரோகிராம் தப்பு" என்றேன்.

மேனேஜர் ஸ்கிரீனை முறைத்தார். (அதுவாவது பயப்படட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.)

"சரி, சிஸ்டத்துல என்னமோ ஆயிருக்கு. யாரையும் குத்தம் சொல்ல முடியாது. நீ போயி மெஷினப் பாரு செல்வி."

அவ்வளவுதான். விசாரணை முடிந்தது!

அக்கா நகரவில்லை.

"அப்போ இந்தத் தப்ப யாரு பேர்ல சார் எழுதுவிய?"

"யாரு பேர்லயும் இல்ல. விடும்மா."

"என் தப்புன்னு நெனச்சப்ப மட்டும் பேரு இருந்துச்சே சார்?"

பதில் சொல்வார் என்று நானும் நின்றேன்.

மேனேஜர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆங், சொல்லுங்க" என்றபடி வெளியே போய்விட்டார்.

போன் அடித்த சத்தம் உங்களுக்காவது கேட்டதா மக்களே?