தரைத்தளத்து இளமை

என் அண்ணனுக்குக் கோளரங்கத்தில் வேலை. இருட்டறையில் சாய்ந்து கிடப்பவர்களுக்கு வானத்தைக் காட்டி விளக்கம் சொல்ல வேண்டும். பாதிப் பேர் குறட்டை விடுவார்கள். மீதிப் பேரை மயக்க அவன் கைவசம் ஒரு சரக்கு இருந்தது, செயற்கைக்கோள் கடிகாரம்.

வழிகாட்டும் செயற்கைக்கோள்களில் உள்ள கடிகாரம் நம்முடையதைவிடச் சற்று விரைவாக ஓடும். பறக்கிற வேகம் நேரத்தை மெதுவாக்கும்தான். ஆனால் அந்த உயரத்தில் பூமியின் ஈர்ப்பு குறைவு, அது நேரத்தை விரட்டும். இரண்டில் உயரமே ஜெயிக்கும். அதனால் மெதுவாக ஓடும்படி சரிசெய்துதான் அவற்றை மேலே அனுப்புகிறார்கள். இல்லாவிட்டால் கைபேசி வரைபடம் ஒரே நாளில் நம்மைப் பக்கத்து ஊரில் கொண்டுபோய் நிறுத்திவிடும். இதையெல்லாம் அவன் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். இப்போது நினைத்தால் குமட்டுகிறது.

ஒரு நாள் அந்தக் கூட்டத்தில் அடுக்குமாடி கட்டுபவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய புதுக் கட்டடத்தில் மேல்வீடுகள் மளமளவென்று போயின. தரைத்தளத்தைச் சீந்துவார் இல்லை. மழை பெய்தால் கழிவுநீர் குளியலறைத் துவாரம் வழியாகப் பொங்கி வரும் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு.

அவர் அழைப்பின்பேரில் விற்பனை விழாவில் அண்ணன் கோட்டு மாட்டிக்கொண்டு மேடையேறினான். "பூமிக்குப் பக்கத்துல இருக்க இருக்க நேரம் மெதுவாப் போகும். மாடியில இருக்கறவங்களைவிடக் கீழ இருக்கறவங்களுக்கு வயசு மெதுவாத்தான் ஏறும். இது அறிவியல்ங்க!" என்றான். ஆயுசு முழுக்கக் கீழேயே கிடந்தாலும் மிச்சமாகும் நேரம் கண் சிமிட்டக்கூடக் காணாது என்பதை மட்டும் விழுங்கிவிட்டான். கூட்டம் கைதட்டியது.

தட்டியவர்களில் எங்கள் சித்தியும் ஒருத்தி. அவளுக்கு ஆஸ்துமா. காற்றோட்டமான வீடாகப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நான்காவது மாடியைப் பேசி வைத்திருந்தாள். அக்கா மகனே சொல்கிறானே என்று அதை விட்டுவிட்டுக் கீழே மாறினாள். நான் எவ்வளவோ தடுத்தேன்.

"படிச்சவன்டா அவன். நீ சும்மா இரு" என்றாள்.

முதல் மழைக்கே சாக்கடை கூடத்துக்கு வந்துவிட்டது. சுவரெல்லாம் பூஞ்சை. கட்டில் காலில் ஒட்டியிருந்ததைத் துடைப்பத்தால் தள்ளினேன்; அது என்னவென்று சொல்ல நாக்கூசுகிறது. சித்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தாள்.

சொல்லியனுப்பியதும் அண்ணன் வந்தான். மூக்கில் கைக்குட்டையோடு வாசலிலேயே நின்றான்.

"ஏண்ணா இப்படிப் பண்ணினே?" என்றேன்.

"நான் ஒரு வார்த்தை பொய் சொல்லலையே. எந்தப் புத்தகத்துல வேணும்னாலும் பாரு."

சீ! அந்தப் பதிலுக்குச் சாக்கடை நாற்றமே தேவலை.

சித்தி மூச்சு வாங்கியபடி அவனைப் பார்த்தாள். திட்டவில்லை.

"பேசினதுக்கு உனக்கும் இதே கட்டடத்துல ஒரு வீடு குடுத்தாங்களாமேடா. எந்த மாடி?"

அவன் கைக்குட்டையை எடுக்காமலே சொன்னான்.

"கடைசி மாடி, சித்தி."