இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கும் வீடு

லேப்டாப் பழுது பார்க்கிற தொழிலில் கம்ப்யூட்டர் கொடுக்கிற அதிர்ச்சி கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் அதை வைத்திருக்கிறவர்கள் கொடுப்பது. இதே பிழைப்பில் இருக்கிற நீங்கள் இப்போதே தலையை ஆட்டியிருப்பீர்கள். குருண் ஊரில் எனக்கு ஒரு சின்னக் கடை. பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட மனசு வராதவர்களுக்கு லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுப்பேன். கூடவே கோப்புகளை இணையத்தில் நகல் எடுத்து வைப்பது, குப்பைக் கோப்புகளைக் கூட்டுவது மாதிரி வேலைகள் குறித்த நேரத்தில் பின்னால் தானாக ஓடும்படி அமைத்துவிடுவேன். ஓடுகிற வரைக்கும் என்னை யாரும் நினைக்க மாட்டார்கள்.

பந்தி நேரத்தில்

மெர்கோங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற காதர் பாய், ஒரு கல்யாணத்துக்குச் சமையல் எடுத்திருந்தார். எந்த மேசைக்கு என்ன போகணும் என்கிற விவரமெல்லாம் லேப்டாப்பில். மண்டபத்தில் பிளக் சொருக இடமில்லாமல் பேட்டரியிலேயே ஓட்டியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் உட்காரும்போது திரை பொட்டென்று அணைந்துவிட்டது.

மறுநாள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கக் கடைக்கு வந்தார். திறந்து பார்த்த எனக்குப் பகீரென்றது. சரியாகப் பந்தி நேரத்தில்தான் என்னுடைய நகல் வேலை கிளம்பி, மொத்தப் பேட்டரியையும் உறிஞ்சியிருந்தது. மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னேன். பாய் கேட்டார்: "ஊரே சாப்பிட வந்து நிக்கிறப்ப, எவனாச்சும் கடையக் கூட்டிப் பெருக்கிட்டு இருப்பானாம்மா?"

ஒழுகின கூரை

பாய் கேட்டது நியாயம்தானே! அன்றிலிருந்து என் கையில் வருகிற எல்லா லேப்டாப்புக்கும் ஒரே விதி: சார்ஜர் சொருகியிருந்தால் மட்டும் வேலை ஓடும், பேட்டரியில் இருந்தால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் பார்க்கும். பெரிய கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். பரமேஸ்வரி அக்கா வருகிற வரைக்கும்.

அக்கா சுங்கை லாலாங்கில் இருக்கிறவர், தமிழ்ப்பள்ளி டீச்சர். அவர் லேப்டாப்பையும் நான்தான் அமைத்துக் கொடுத்திருந்தேன். வேலை பார்த்துக்கொண்டே மேல்படிப்பு. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் கணக்கு எப்படிப் படிக்கிறார்கள் என்று ஆய்வு எழுதி, அதைத் திங்கட்கிழமை ஒப்படைக்கணும். ஏற்கெனவே தவணை கேட்டு நீட்டியாகிவிட்டது, இனிமேல் கிடையாது. தவறினால் அத்தனை வருஷப் படிப்பும் போச்சு. சனிக்கிழமை காலையில் ஒரு துண்டில் லேப்டாப்பைச் சுற்றி எடுத்துக்கொண்டு கணவர் சேகர் அண்ணனோடு வந்து நின்றார். துண்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. முந்தின நாள் மழையில் கூரை ஒழுகி நேராக அதன்மேல் கொட்டியிருக்கிறது. கழற்றிப் பார்த்தேன். போர்டும் போச்சு, கோப்புகள் இருக்கிற டிஸ்கும் போச்சு. அக்கா அழவில்லை. "அதான் தினமும் நாலு மணிக்கு இணையத்துல நகல் போகும்னு சொன்னியே தங்கச்சி, எடுத்துக் குடு லா" என்றார்.

நாலு மணிக்கு என்ன நடந்தது

அக்கா என் கணினியில் தன் இணையக் கணக்கைத் திறந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினம் ஒன்று சேர்ந்திருக்க வேண்டிய இடத்தில், மழைக்காலம் தொடங்கிய பிறகு வந்த நகல் எதையும் காணோம். பழசில் இருந்ததெல்லாம் முதல் அத்தியாயம் மட்டும்.

"அக்கா, நாலு மணிக்கு லேப்டாப் திறந்துதானே இருக்கும்?"

"திறந்துதான் இருக்கும்."

"சார்ஜர்?"

அக்கா என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார். "மத்தியானம் ஆனா மானம் இருட்டிக்கிட்டு இடி இடிக்குது. எவளாச்சும் பிளக்கச் சொருகி வைப்பாளா? ஒரு தடவ டிவி கருகிப் போச்சு. அப்பருந்து லேசா உறுமினாலே இவரு ஓடிப் போயி வீட்டுல உள்ள பிளக் எல்லாத்தையும் பிடுங்கிருவாரு!"

தினமும் நாலு மணி, தினமும் இடி, தினமும் பேட்டரி. லினக்ஸ் என் பேச்சைத் தட்டாமல் தினமும் சும்மா இருந்திருக்கிறது. அந்த வீட்டில் எல்லாருமே ஒழுங்காக இருந்ததால் வந்த வினை இது. அக்கா மெதுவாகச் சொன்னார்: "இடியிலருந்து காப்பாத்தினோம். கூரைய மறந்துட்டோம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை

வேறு வழி தெரியாமல் பட்டியலை இன்னொரு தடவை உருட்டினேன். கடைசியாக வந்தது மேலே நிற்கும் என்று நினைத்து முதலில் மேலே மட்டும்தான் பார்த்திருந்தேன். பட்டியலோ பெயர் வரிசையில் இருந்ததால் அது எங்கேயோ நடுவில் கிடந்தது. ஒரே ஒரு நகல், போன ஞாயிற்றுக்கிழமை, நாலு மணி. திறந்தால் முழு ஆய்வு! கடைசி இரண்டு பக்கம்தான் இல்லை. "அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அன்னிக்கும்தான் இடி இடிச்சுது," என்ற அக்கா சட்டென்று நிறுத்தி, கணவர் பக்கம் திரும்பினார். முந்தின ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த அண்ணன் அன்றைக்கு அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிட்டாராம். அக்கா கோயிலுக்குப் போய் வந்து பார்த்தால் லேப்டாப் சார்ஜர் உள்பட ஒரு பிளக்கும் பிடுங்கவில்லை. அந்தத் திட்டு அடுத்த வரிசை வீடு வரைக்கும் கேட்டதாம். மூன்று நாள் பேச்சு வார்த்தை இல்லையாம். இப்போது அக்கா அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். சேகர் அண்ணன் சொன்னார்: "இனிமே வானமே இடிஞ்சு விழுந்தாலும் நான் படுத்த பாய விட்டு எந்திரிக்க மாட்டேன் லா."

அக்கா திங்கட்கிழமை ஆய்வை ஒப்படைத்துவிட்டார், நானோ இப்போது லேப்டாப்போடு வருகிற எல்லாரிடமும் கடவுச்சொல்லுக்கு முன்னால் கேட்பது, "உங்க வீட்டுல இடி இடிச்சா பிளக்கப் பிடுங்குறது யாரு?" என்பதைத்தான்.