கலங்கிய தொட்டியும் தேத்தாங்கொட்டையும்

பூட்டுப் பட்டறையில் இரும்புச் சட்டம் அடித்து வாங்கிய என் முதல் மீன்தொட்டிக்கு இன்று காலை தண்ணீர் ஊற்றினேன். குடகனாற்று மணலை அலசாமல் போட்டிருந்ததால் தண்ணீர் டீ நிறமாகிவிட்டது. குளத்தில் பறித்த வேலம்பாசிக் கொடிகளை, உள்ளே ஒன்றும் தெரியாமல் தடவித் தடவித்தான் மணலில் நட்டேன்.

மதுரையிலிருந்து பஸ்ஸில் புட்டியில் கொண்டுவந்த இரண்டு தங்கமீனும் அதற்குள்ளேயே வாயைத் திறந்து திறந்து மூடின.

குடிதண்ணீர்ப் பானையில் கலங்கல் தெளியச் செய்வதுபோல, தேத்தாங்கொட்டையைக் கல்லில் உரசி எடுத்து வந்தாள் என் மனைவி.

“வேணாம்புள்ள, மீனு செத்துப்போகும்.”

“நாம தெனமும் குடிக்கிறோமே, செத்தா போனோம்?”

தொட்டியில் ஊற்றிக் கலக்கிவிட்டாள். புட்டியில் ஒரு மீன் பக்கவாட்டில் சாயத் தொடங்கியது.

மத்தியானம்தான் தண்ணீர் தெளிந்தது. இரண்டையும் தொட்டியில் விட்டேன். சாய்ந்தது மெல்ல நிமிர்ந்து நீந்தியது.

அப்போதுதான் பார்த்தேன். பாசி அத்தனையும் தலை மணலுக்குள், வேர் மேலே.

அவள் இன்னும் கவனிக்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் மீனை மட்டும் புகழுங்கள்.